சுவரைப் பார்த்த அந்தோனியார்

1

எங்கள் வீட்டுச் செபமாலை சில வருடங்களாகத் தொலைபேசியில்தான் நடக்கிறது. திருகோணமலையில் அம்மா பீடத்து விளக்கை ஏற்றும் நேரம், இங்கே நோர்வேயில், பேர்கனில் எனக்கு மதியச் சாப்பாடு முடிந்த நேரம். காலை ஓட்டத்துக்கும் மாலை ஓட்டத்துக்கும் நடுவே பஸ் சாரதிகளுக்கு நீண்ட இடைவேளை உண்டு. மற்றவர்கள் ஓய்வறையில் கோப்பி குடித்தபடி உதைபந்தாட்டம் பேசுவார்கள். நான் டிப்போவின் பின்பக்கம் நிற்கும் என் காருக்குள் போய் இருந்து, போனை ஸ்ரியறிங்கில் சாய்த்து வைத்துவிட்டு, அம்மா தொடங்கக் காத்திருப்பேன். வெளியே மழை பெய்யும். பேர்கனில் மழை பெய்கிறது என்று எழுதுவது கடலில் தண்ணீர் இருக்கிறது என்று எழுதுவது போலத்தான்.

அம்மாவால் இப்போது முழந்தாளிட முடியாது. கதிரையில் இருந்துதான் சொல்கிறார். குரல் மட்டும் தளரவில்லை. செபமாலையும் பிரார்த்தனையும் முடிந்த பிறகுதான் அவருடைய உண்மையான வேலை தொடங்கும். அதை நாங்கள் ‘கருத்து’ என்போம். இன்னாருடைய இன்ன தேவைக்காக என்று சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பரலோக மந்திரம்.

முதல் கருத்து நான். “மகன் பஸ் ஓட்டுறான் ஆண்டவரே, அந்த நாட்டு றோட்டில ஐஸ் எண்டு சொல்லுறான், ஒரு ஆபத்தும் வரப்படாது.” அடுத்தது என் மனைவி றெஜினாவின் முதுகுவலி. பிறகு எங்கள் மகள் அனீற்றாவின் படிப்பு, அம்மாவோடு இருக்கும் என் தங்கச்சி, தங்கச்சியின் புருஷனுடைய சீனி வருத்தம், முன்வீட்டுப் பிள்ளையின் கலியாணம், மூதூருக்குப் படகில் போய்ப் படிப்பித்துவிட்டு வரும் ஒரு ரீச்சர். முற்றத்துச் செவ்வரத்தையைத் தின்றுவிட்டுப் போகும் மான்களுக்குப் புத்தி வரவேண்டும் என்றும் ஒருமுறை கருத்து வைத்தார். எங்கள் பட்டினத்தில் மான்கள் மாடுகளோடு மாடாகத் தெருவில் திரியும். அந்தக் கருத்து மட்டும் இன்றுவரை நிறைவேறவில்லை.

சென்ற தவக்காலத்தில் ஒரு நாள், பிரார்த்தனை முடிந்தது. என் பெயர் வருமென்று கையைக் குவித்துக்கொண்டு காத்திருந்தேன். சத்தம் இல்லை.

“அம்மா, கேக்குதோ? லைன் போயிட்டுதோ?”

“இல்லை மகன், கேக்குது.”

“கருத்து சொல்லேல்லையே?”

“இண்டைக்கு இல்லை” என்று அம்மா சிலுவை அடையாளம் போட்டார். திரை இருண்டது. அடுத்த நாளும் அப்படி. அந்தக் கிழமை முழுவதும் அப்படி.

எனக்கு உள்ளுக்குள் பதற்றம் பிடித்துவிட்டது. அம்மாவுக்குத் தெரியாமல் தங்கச்சியை அழைத்தேன். மறதி ஏதும் தொடங்குகிறதோ என்று கேட்டேன்.

“மறதியோ? நேற்று குழம்புக்கு நான் ரெண்டாந்தரம் உப்புப் போட்டதைக் குசினிக்கு வெளியில இருந்து கண்டுபிடிச்சவ அண்ணா.”

“டொக்டரிட்டக் காட்டுவமோ?”

“என்னண்டு சொல்லிக் காட்டுறது? அம்மா ஒண்டும் கேக்கிறா இல்லை எண்டோ?” தங்கச்சி சிரித்தாள். பிறகு யோசித்துச் சொன்னாள். “நீங்கள் அண்டைக்குப் போனில பனி காட்டினீங்களே, அதுக்குப் பிறகுதான் இப்பிடி.”

பனி காட்டியது உண்மைதான். மலைப்பாதையில் என் பஸ் பனிக்குள் நின்றுவிட்டது. பயணிகள் இறங்கி நடந்துவிட்டார்கள். மீட்பு வண்டிக்காகக் காத்திருந்த நேரத்தில், இன்றைக்குச் செபமாலைக்கு வர முடியாது என்று சொல்ல அம்மாவை அழைத்து, கமெராவைக் கண்ணாடிக்கு வெளியே திருப்பினேன். அவ்வளவுதான். மகன் இப்படியொரு இடத்திலா வேலை செய்கிறான் என்று பயந்து மனம் விட்டுப்போனாரோ என்று நான் கவலைப்பட்டேன்.

கவலையை உடைத்துச் சொன்னால் அது அம்மாவைப் பற்றியது மட்டுமல்ல. ஞாயிறு பூசைக்கு நான் ஒழுங்காகப் போகிறவன்தான். ஆனாலும் என் விசுவாசத்தின் பாரத்தை இத்தனை காலமும் சுமந்தது அம்மாவின் வாய். அங்கே என் பெயர் சொல்லப்படுகிறது, ஆகவே இங்கே என் பஸ் வழுக்காது. கட்டணம் கட்டாத காப்புறுதி. அது திடீரென்று நின்றுபோனதும், ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை இரண்டு முறை மிதித்தேன்.

2

எங்கள் வீடு உட்துறைமுகத்தைப் பார்த்த சரிவில் இருக்கிறது. அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தார். கப்பலின் ஊதல் சத்தம் கேட்டால், அன்றைக்குச் செபமாலை அப்பா இல்லாமல்தான் என்று தெரிந்துவிடும். பீடத்தில் மாதா நடுவில், திரு இருதயம் ஒரு பக்கம், மறுபக்கம் அந்தோனியார். மண்ணிற அங்கி, கையில் குழந்தை யேசு.

தொலைந்த பொருளைத் தேடித் தருகிறவர் அந்தோனியார். உலகத்துக் கத்தோலிக்கர் எல்லோருக்கும் அது தெரியும். எங்கள் தெருவில் அதற்கு ஒரு முறையும் இருந்தது. பொருள் தொலைந்தால் அந்தோனியாரின் சுரூபத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்போம். கிடைக்கும்வரை அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். கிடைத்ததும் நேரே திருப்பி, ஒரு மெழுகுதிரி. பங்குச் சுவாமியார் கண்டால் ஏசுவார். அதனால் அவர் வீடு மந்திரிக்க வரும் நாளில் தெரு முழுக்க அந்தோனியார்மார் ஒழுங்காக முன்னே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அப்பாவின் கைக்கடிகாரம் அப்படித்தான் அரிசிப் பேணிக்குள் இருந்து கிடைத்தது. என் பள்ளிக்கூட பட்ஜ், அம்மாவின் தோட்டுச் சுரை, தங்கச்சியின் ஒற்றைச் செருப்பு எல்லாமே கிடைத்தன. கடவுள் என்றால் சங்கக்கடை முகாமையாளரைப் போல ஒருவர் என்றுதான் நான் வளர்ந்தேன். எல்லாம் அவரிடம் இருக்கிறது. கேட்கிற விதத்தில் கேட்டால், கொஞ்சம் முகத்தைக் காட்டினால், உள்ளே இருந்து எடுத்துத் தருவார்.

எனக்கு நோர்வேயில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தபோது, யுத்தத்தில் ஊர் மோசமாக இருந்தது. என் வயதுப் பொடியன்கள் படகுத்துறைக்குப் போவதற்கும் சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வெளிக்கிடுவார்கள். “போ மகன், போய்த் தப்பு” என்றார் அம்மா. கொழும்பில் தூதரகத்துக்குப் போகுமுன் அங்கிருந்த அந்தோனியார் கோயிலுக்குப் போனேன். விசாவுக்கு என்று வந்தவர்களின் மெழுகுதிரிகளுக்கு நடுவே என்னுடையதையும் ஏற்றி, ஒரு நேர்த்தி வைத்தேன். இந்த விசாவை வாங்கித் தந்தால், நான் எந்த நாட்டில் எந்த வீட்டில் இருந்தாலும் அங்கே உமக்கு ஒரு இடம் இருக்கும். விசா கிடைத்தது. அந்தோனியார் என்றால் அந்தோனியார்தான்.

இங்கு வந்த முதல் வருடம் தங்கச்சி தன் பிறந்தநாள் படம் ஒன்றை அனுப்பினாள். புதுச் சட்டையோடு பீடத்துக்கு முன்னால் நிற்கிறாள். அவளுடைய தோளுக்கு மேலே அந்தோனியாரின் முதுகு தெரிந்தது. அடுத்த முறை தொலைபேசிக் கடைக்கு அவர்களை வரச்சொல்லிப் பேசியபோது, “என்னடி துலைஞ்சது?” என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் கொஞ்சம் தாமதம். “அலுமாரிச் சாவி அண்ணா” என்றாள்.

அன்றிரவு விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, திருகோணமலை அலுமாரிச் சாவி கிடைக்கவேண்டும் என்று ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னேன். வீட்டு நினைவு வந்தது. சாவிக்காகச் செபிப்பது, அழுவதைவிட எளிதாக இருந்தது.

3

வதிவிட அனுமதிக்காகக் காத்திருந்த காலத்தில் என் செபம் இன்னும் பழுதாகிவிட்டது. அலுவலகத்தில் இலக்கச் சீட்டை எடுத்துக்கொண்டு இருக்கவேண்டும். முறை வந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண், உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்பார். எப்போது முடிவாகும் என்றால், அதைச் சொல்லமுடியாது என்பார். அங்கிருந்து நேரே கோயிலுக்குப் போய் முழந்தாளிடுவேன். முதலில் கொஞ்சம் புகழ்ச்சி, பிறகு என் தகுதிகள், அதன் பிறகு கோரிக்கை. இந்த நாட்டு மொழியில் கேட்பதற்கும் செபிப்பதற்கும் ஒரே சொல்தான் என்று மொழி வகுப்பில் ஆசிரியை சொன்னபோது, வகுப்பில் தலையாட்டிய முதல் ஆள் நான்.

அனீற்றா இதைச் சிறுவயதிலேயே கண்டுகொண்டாள். றெஜினா ஊரிலிருந்து மணமாகி வந்தபோது அம்மா கொடுத்தனுப்பிய சின்ன அந்தோனியார் எங்கள் வரவேற்பறை மூலையில் இருக்கிறார். என் நேர்த்தி அப்படித்தான் நிறைவேறியது. பொம்மை தொலைந்தால் அவரைச் சுவர்ப்பக்கம் திருப்புவது மகளுக்கு ஒரு விளையாட்டு. பதின்வயதில் உறுதிபூசுதல் சடங்கு முடிந்த கையோடு கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். காரணம் கேட்டபோது கோபமில்லாமல்தான் சொன்னாள்.

“அப்பா, நீங்கள் கடவுளோட கதைக்கேக்க, இன்ரநெட் வேலை செய்யேல்லை எண்டு கொம்பனிக்குப் போன் பண்ணுற மாதிரி இருக்கு.”

றெஜினா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பக்தி எங்கே தெரியப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஒரு வசதியான பதில். இங்குள்ள தமிழ் அப்பாமார் எல்லோரிடமும் அது கைவசம் இருக்கிறது.

கடல் பற்றிய படிப்பை முடித்த அனீற்றா, சென்ற மாரியில் ஒரு மாலைச் சாப்பாட்டுக்கு நடுவே, நியூசிலாந்தில் தனக்கு ஆராய்ச்சி வேலை கிடைத்திருக்கிறது என்றாள். விசா மட்டும்தான் பாக்கி. பூகோளப் படத்தை எடுத்துப் பார்த்தேன். பேர்கனில் இருந்து அதைவிடத் தூரம் போனால் திரும்பி வரத்தான் தொடங்கவேண்டும்.

“நல்ல விசயம் பிள்ளை. போ” என்றேன்.

அடுத்த நாள் காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது என் கை தானாகப் போய் அந்தோனியாரைச் சுவர்ப்பக்கம் திருப்பியது. அதற்கு நான் பெயர் வைக்கவில்லை. செபம் என்றும் சொல்லவில்லை. மாலையில் அனீற்றா அதைக் கண்டாள்.

“என்ன துலைஞ்சது அப்பா?”

“கீழ அறைச் சாவி” என்றேன். எங்கள் தொடர்மாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிலத்தடியில் ஒரு சாமான் அறை உண்டு. அதன் சாவியைச் சொன்னேன். மகள் உடனே எழுந்து என் மழைச்சட்டைப் பைகளையும் சோபாவின் இடுக்குகளையும் தேடத் தொடங்கினாள். சின்ன வயதில் தேடியதைப் போலவே குனிந்து, கன்னத்தை நிலத்தில் வைத்துக் கட்டிலுக்கு அடியிலும் பார்த்தாள். நான் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு வரியும் வாசிக்கவில்லை.

றெஜினா என்னைப் பார்த்தாள். “விசர் மனுசன்” என்றாள். 

4

அம்மா கருத்துச் சொல்வதை நிறுத்தியது இதற்குச் சில கிழமைகளின் பின்தான். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மகள் போகப்போகிறாள், அந்தோனியார் அசையவில்லை, கடைசி நம்பிக்கையாக இருந்த அம்மாவின் வாயும் மூடிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, றெஜினாவும் அனீற்றாவும் கடைக்குப் போன நேரம் பார்த்து அம்மாவை அழைத்தேன். தங்கச்சி போனைக் கொடுத்துவிட்டு அப்பால் போனாள்.

“அம்மா, எனக்காக ஒரு நேர்த்தி வைக்கவேணும்.”

“என்ன நேர்த்தி?”

“அனீற்றாவுக்கு அந்த விசா கிடைக்கப்படாது.”

 துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது இங்கே வரைக்கும் கேட்டது.

“நீ இப்பிடிக் கேக்கிறது பிள்ளைக்குத் தெரியுமோ?”

“இல்லை.”

“வாயால போ எண்டு சொல்லிப்போட்டியோ?”

“ஓம்.”

“ம்” என்றார் அம்மா. “அந்தச் செபத்தை நான் ஒருக்காச் செய்து பாத்தனான் மகன். சரிவராது.”

எனக்கு விளங்கவில்லை. எப்போது என்று கேட்டேன்.

“நீ விசாவுக்குக் கொழும்புக்குப் போன கிழமை. நீ அங்க அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினதெண்டு பிறகு சொன்னாய். நான் இஞ்ச, அதே அந்தோனியாருக்கு முன்னால நிண்டனான். அவனுக்குக் குடுக்கப்படாது, என்னட்டத் திருப்பி அனுப்பிவிடும் எண்டு. தாயும் பிள்ளையும் ஒரே ஆளிட்டப் போய் நிண்டா அவர் என்ன செய்வார், பாவம்.”

“நீங்கள்தானே அம்மா என்னைப் போகச் சொன்னது?”

“வாய் சொன்னது. இஞ்ச நிண்டா உன்னைப் பிடிச்சுக்கொண்டு போவாங்கள் எண்டு தெரியும். தெரிஞ்சும் கேட்டனான். தாய் மனம் எண்டு சனம் சொல்லும். அது ஆசை மகன். வேற ஒண்டுமில்லை.”

தங்கச்சியின் பிறந்தநாள் படம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. “அந்த வருசம் அந்தோனியார் திரும்பி நிண்டவர். அலுமாரிச் சாவி துலைஞ்சதெண்டு தங்கச்சி சொன்னவள்” என்றேன்.

“எங்கட அலுமாரிக்கு எப்ப பூட்டு இருந்தது?”

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். அந்த அலுமாரி கண்முன்னே வந்தது. கதவு தானாகத் திறந்துகொள்ளும். கடதாசியை மடித்து இடுக்கில் செருகி வைப்போம். அதற்குச் சாவியே கிடையாது. அன்றிரவு விடுதியில், இல்லாத சாவிக்காக நான் செபித்திருக்கிறேன். தொலைந்தது நான்.

“உன்னை பஸ் ஏத்திப்போட்டு வந்த கையோட திருப்பி வைச்சனான்” என்றார் அம்மா. “அவனைக் கொண்டுவந்து விடும்வரைக்கும் இப்பிடியே நில்லும் எண்டு. உன்ர கொப்பர் சொல்லிப் பாத்தார், கேக்கேல்லை. செபமாலையை வாய் சொல்லும், மனம் அவரோட கதைக்காது. அடுத்த திருநாள் வந்திட்டுது. தங்கச்சி மல்லிகை மாலையைக் கொண்டுவந்து, அம்மா முதுகுக்குப் போடட்டோ எண்டு கேட்டாள். எனக்கு வெக்கமாப் போச்சு. திருப்பினனான். திருப்பிப் பாத்தா குழந்தை யேசுவின்ர முகத்தில சிலந்தி வலை.”

அம்மா தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

“நான் கோவிச்சது அந்தோனியாரோட. சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தது அந்தக் குழந்தையும்தானே. ஒரு வருசமா நான் முதுகைக் காட்ட வைச்சும், ஆண்டவர் இந்த வீட்டை விட்டுப் போகேல்லை மகன். நீ போனனீ. அவர் போகேல்லை. சீலைத் தலைப்பால முகத்தைத் துடைச்சுப்போட்டு அதில இருந்து அழுதனான். அண்டைக்கு ஒண்டும் கேக்கேல்லை.”

“பிறகு இவ்வளவு காலமும் கருத்துச் சொன்னீங்களே?”

“பழக்கதோசம். அடுத்த நாளே தொடங்கியாச்சு.” அம்மா சிரித்தது கேட்டது. பிறகு குரல் மாறியது. “நீ அண்டைக்குப் பனி காட்டினனீ எல்லோ. நீ ஒவ்வொரு நாளும் எடுக்கிறாய். மருந்துக் குளிசை இருக்கோ, ஏதும் வேணுமோ எண்டு கேப்பாய். நான் சொல்லுவன். நீ வைச்சிடுவாய். குறை சொல்லேல்லை, நல்ல பிள்ளை நீ. அண்டைக்கு மட்டும் நீ ஒண்டும் கேக்கேல்லை, நானும் ஒண்டும் சொல்லேல்லை. பனி விழுந்துகொண்டிருந்தது. நீ மூச்சு விடுறது கேட்டது. நீ போன நாள் துவக்கம் அண்டைக்குத்தான் நீ எனக்குப் பக்கத்தில இருந்த மாதிரி இருந்தது.”

நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

“படுக்கேக்க யோசிச்சன். நானும் ஆண்டவரிட்டச் சாமான் சொல்லுற கதைதானே இவ்வளவு காலமும் கதைச்சிருக்கிறன். ஏதும் வேணுமோ எண்டு அவர் கேக்க முதலே நான் சொல்லத் தொடங்கிடுவன். அவருக்குப் பக்கத்தில சும்மா இருந்தது எப்ப? அதுதான் நிப்பாட்டினனான். உங்களை மறந்துபோய் இல்லை. பேர் சொல்லாமலே எல்லாரும் வந்து இருக்கிறீங்கள்.”

“அப்ப அனீற்றாவுக்கு?”

“நேர்த்தி வைக்க மாட்டன்” என்றார் அம்மா. “நீ வைச்சியெண்டா அது உன்ர பாடு. ஆனா அவர் சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டா, நீயும் அவற்ற முதுகைத்தான் பாத்துக்கொண்டு இருப்பாய். ஒரு வருசம் நான் அப்பிடி இருந்தனான். அது சரியான தனிமை.”

எங்கள் வீட்டு அந்தோனியார் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்று நான் அம்மாவுக்குச் சொல்லியிருக்கவில்லை. தங்கச்சி சொல்லியிருக்கலாம், றெஜினா தங்கச்சிக்குச் சொல்லியிருக்கலாம். அல்லது யாரும் சொல்லியிருக்கவேண்டிய தேவையே இல்லாமல் இருக்கலாம்.

5

அன்று பின்னேரமே அவரைத் திருப்பி வைத்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை. முன்னால் ஒரு கதிரையைப் போட்டு இருந்தேன். மெழுகுதிரி ஏற்றவில்லை; ஏற்றினால் அதற்கு ஒரு காரணம் சொல்லவேண்டியிருக்கும் என்று பட்டது.

ஒன்றும் கேட்காமல் கடவுளுக்கு முன்னால் இருப்பது இலேசான காரியமில்லை. கேட்பது பாவம் என்று சொல்ல வரவில்லை. ஆண்டவர் கற்பித்த செபத்திலேயே அன்றாட உணவைக் கேட்கத்தான் செய்கிறோம். ஆனால் அந்தச் செபத்தின் முதல் சொல்லே அவரை அப்பா என்று அழைப்பது. அந்தச் சொல்லில் ஒரு நிமிடம் நிற்காமல் உணவுக்குப் பாய்ந்து ஓடியே நான் வாழ்ந்திருக்கிறேன். இப்போது நிற்கப் பழகுகிறேன். சும்மா இருக்கத் தொடங்கியதும் கேட்க வாய் துடிக்கிறது. றோட்டில் ஐஸ், றெஜினாவின் முதுகு, விசா. ஒவ்வொன்றாக வந்து நிற்கும். அவற்றை விரட்டுவதில்லை. அம்மா சொன்னதுபோல அவையும் வந்து இருக்கட்டும் என்று விடுகிறேன். அதன் பிறகு சில நாட்களில், நான் ஒருவருக்கு முன்னால் இருக்கிறேன் என்பது மட்டும் மிஞ்சும். சில நாட்களில் அதுவும் இல்லை, வெறுமனே கால் விறைக்கும். அப்போதும் எழும்பிப் போவதில்லை. அவரும் போகாமல் இருந்தவர்தானே.

சித்திரை பிறந்த பிறகு ஒரு நாள், விசா வந்துவிட்டது, ரிக்கற்றும் போட்டாயிற்று என்றாள் அனீற்றா.  பொய் சொல்லமாட்டேன், அன்றிரவு நான் ஆண்டவரோடு நன்றாகச் சண்டை பிடித்தேன். ஆனால் நேரே முகத்தைப் பார்த்துத்தான் பிடித்தேன்.

விமான நிலையத்தில் பெட்டிகளை அனுப்பியாயிற்று. றெஜினா பிள்ளையின் கழுத்தைச் சுற்றிய துணியை மூன்றாவது தரமும் சரிசெய்துவிட்டு, தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போனாள். அவளுக்கு அழ ஒரு இடம் தேவைப்பட்டது. நானும் மகளும் தனியே நின்றோம்.

“அப்பா, சாவி கிடைச்சுதோ?”

“கிடைச்சுது.”

“அது துலையவே இல்லை” என்றாள் அனீற்றா. “கதவுக்குப் பின்னால ஆணியிலதான் தொங்கினது. தேடத் தொடங்கி அஞ்சு நிமிசத்திலயே கண்டிட்டன்.”

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“அதுக்குப் பிறகும் தேடினியே?”

“நீங்கள் ஏதாவது சொல்லுவீங்கள் எண்டு பாத்தனான்.” அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “விசா மாசியிலயே வந்திட்டுது அப்பா. நான் ரிக்கற் போடேல்லை. வேண்டாம் எண்டு எழுதிப்போட யோசிச்சனான். காலையில எழும்பி வந்தா அந்தோனியார் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். அதைப் பாத்துக்கொண்டு எனக்குப் போக ஏலாமல் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையால வந்து பாத்தன், அவர் இஞ்சால திரும்பி நிண்டார். அண்டைக்குத்தான் ரிக்கற் போட்டனான்.”

நான் கேட்டது கிடைக்கத்தான் இருந்திருக்கிறது. அந்தச் சுரூபத்தை இன்னும் சில நாட்கள் தொடாமல் விட்டிருந்தால் என் மகள் என்னோடுதான் இருந்திருப்பாள். அம்மாவுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்திருக்கும். அப்படி வீட்டோடு இருக்கும் அனீற்றாவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நினைக்க முடியவில்லை. அவளைக் கட்டிப்பிடித்து, நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டேன். சின்ன வயதில் தட்டிவிடுவாள். அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

அன்று நான் வேலைக்கு விடுப்பு எடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் றெஜினா அறைக்குள் போய்ப் படுத்துவிட்டாள். திருகோணமலையில் விளக்கேற்றும் நேரம். கதிரையை அந்தோனியாருக்கு முன்னால் இழுத்துப் போட்டு அம்மாவை அழைத்தேன். செபமாலை சொன்னோம். பிரார்த்தனை முடிந்தது. கருத்து இல்லை. லைன் போய்விட்டதோ என்று நான் கேட்கவில்லை.

வெகுநேரம் கழித்து அம்மாதான் பேசினார்.

“பிள்ளை போயிட்டாளோ?”

“ஓம் அம்மா.”

“அந்தோனியார் எந்தப் பக்கம் பாக்கிறார்?”

“என்னைத்தான் பாக்கிறார்.”

“குழந்தை?”

“அவரும்தான்.”

அம்மா மூச்சு விட்டது கேட்டது. ஏதும் வேணுமோ என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். “போனை வைக்கட்டோ?” என்று கேட்டேன்.

“வேண்டாம் மகன். கொஞ்சநேரம் இருப்பம்.”